கத்தரிக்காய்க்குத் தடை, பருத்திக்கொட்டைக்கு வழி

மரபணு மாற்றப்பட்ட உணவுப் பயிர் எதையும் இந்தியாவில் விளைவித்து விற்க முடியாது. கத்தரிக்காயை 2010-இல் நிறுத்தி வைத்தார்கள். கடுகு உச்ச நீதிமன்றத்தில் கிடக்கிறது. அனுமதி பெற்று வயலுக்கு வந்தது பருத்தி ஒன்றுதான். பருத்தியை யார் தின்கிறார்கள்? இருபது ஆண்டுகளுக்கு மேலாக நமக்குச் சொல்லப்படும் கணக்கு இது.

இந்தக் கணக்கில் எங்கே ஓட்டை என்று மும்பையில் குடியிருப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். செடியிலிருந்து நூறு கிலோ பருத்தி எடுத்தால் அதில் பஞ்சு 33, 34 கிலோதான் தேறும். மிச்சமெல்லாம் கொட்டை. அந்தக் கொட்டையை ஆட்டி எடுக்கும் எண்ணெயை மராட்டியர்கள் சர்க்கி தேல் என்பார்கள், குஜராத்திகள் கபாசியா தேல் என்பார்கள். நிறமும் வாடையும் குறைவு, நெடுநேரம் காய்ந்தாலும் தாங்கும். ஆகவே ஃபர்சான் என்ற காரத் தின்பண்டங்கள் போடுகிறவர்களுக்குப் பிடித்த எண்ணெய். நாட்டில் ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் உற்பத்தியாகிறது. நாட்டின் பருத்திப் பரப்பில் 90 சதவீதத்துக்கு மேல் பி.டி. பருத்தி, அதாவது புழுவைக் கொல்லும் மரபணுவை ஏற்றிய பருத்தி என்னும்போது, இந்த எண்ணெய் எந்தச் செடியிலிருந்து வருகிறது என்பதற்குத் தனியாக ஆராய்ச்சி வேண்டியதில்லை. எண்ணெய் எடுத்த பிண்ணாக்கு மாட்டுக்குப் போகிறது, மாட்டுப்பால் நமக்கு வருகிறது.

மதுரைப் பக்கத்து ஆட்களுக்கு இன்னொரு செய்தி. கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் காய்ச்சும் பருத்திப்பாலுக்கு ஊறவைக்கிற கொட்டையும் பெரும்பாலும் இந்தக் கூட்டத்திலிருந்தே வந்திருக்கும், யாராவது கருங்கண்ணி போன்ற நாட்டுப் பருத்தியைத் தேடிப் பிடித்து வாங்கினால் ஒழிய. பி.டி. கத்தரிக்காய் வேண்டாம் என்று கோஷம் போட்டுவிட்டு வந்து பருத்திப்பால் குடித்தவர்கள் இருக்கலாம். அவர்களைக் குறை சொல்லவில்லை. கொட்டைக்கும் கத்தரிக்காய்க்கும் உள்ள தொடர்பை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2018-இல் 65 உணவுப் பொருட்களை வாங்கிச் சோதித்தது. 21 பொருட்களில் மரபணு மாற்றத்தின் தடயம் இருந்தது. அவற்றில் 16 இறக்குமதிச் சரக்கு. உள்நாட்டில் தயாரானவற்றில் சிக்கிய ஐந்தும் பருத்திக்கொட்டை எண்ணெய். மரபணு மாற்றிய உணவு உள்ள பொட்டலத்தின் முகப்பில் 'ஜி.எம்.' (மரபணு மாற்றப்பட்டது) என்று அச்சிட வேண்டும் என்று எடையளவுச் சட்ட விதிகள் 2013 ஜனவரி 1 முதலே சொல்கின்றன. மும்பையின் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ எண்ணெய் வாங்கும்போது அந்த இரண்டு எழுத்தைத் தேடிப் பாருங்கள்.

இறக்குமதி எண்ணெயின் கதையும் இதுவே. சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. அண்மை ஆண்டுகளில் அது 150 லட்சம் டன்னைத் தாண்டியிருக்கிறது. அதில் சோயா எண்ணெய் பெரும்பாலும் அர்ஜென்டினா, பிரேசில் சரக்கு. அந்த நாடுகளில் சோயா என்றாலே மரபணு மாற்றிய சோயாதான். 2021-இல் கோழித்தீவன விலை தலைக்கு மேல் போனபோது, மரபணு மாற்றிய சோயாப் பிண்ணாக்கு 12 லட்சம் டன் வரை இறக்கிக்கொள்ள அரசு வழிவிட்டது. அதற்குக் காட்டிய வாசல்களில் ஒன்று நம் நவி மும்பையின் நாவா ஷேவா துறைமுகம். பிண்ணாக்கில் உயிருள்ள விதை இல்லை, முளைக்காது, ஆகவே சுற்றுச்சூழல் அனுமதி என்ற கேள்வியே எழாது என்பது வாதம். வாதத்தில் தர்க்கப் பிழை இல்லை. நாமக்கல் முட்டைக்கும் இந்த விவாதத்துக்கும் இடையிலிருந்த தூரம் அன்றோடு குறைந்துபோனது என்பதும் உண்மை.

உலக அளவில் இது பரவிய விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1996-இல் 17 லட்சம் ஹெக்டேர். 2019-இல் 29 நாடுகளில் சுமார் 19 கோடி ஹெக்டேர். பரப்பு பிரம்மாண்டமாகத் தெரிந்தாலும் ஏறக்குறைய முழுவதும் நாலே பயிர்கள்தான்: சோயா, மக்காச்சோளம், பருத்தி, கனோலா என்ற எண்ணெய் வித்து. நாடுகளும் அப்படியே. அமெரிக்கா, பிரேசில், அர்ஜென்டினா, கனடா, இந்தியா என்ற ஐந்திலேயே பத்தில் ஒன்பது பங்கு அடங்கிவிடுகிறது. செடிக்குள் புகுத்திய குணங்களும் முக்கியமாக இரண்டு: புழுவைக் கொல்வது, களைக்கொல்லி அடித்தால் சாகாமல் நிற்பது. பஞ்சத்தை ஒழிப்போம் என்று தொடங்கிய தொழில்நுட்பம் முப்பது ஆண்டுகளில் பெரும்பாலும் கால்நடைத் தீவனத்தையும் எண்ணெயையும் பஞ்சையும் சுற்றியே நின்றுவிட்டது.

தின்றால் என்ன ஆகும்?

பி.டி. என்பது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற மண் பாக்டீரியாவின் சுருக்கப் பெயர். பட்டுப்புழுக்களைக் கொல்லும் கிருமியாக ஜப்பானில் 1901-இலேயே இதைக் கண்டுகொண்டார்கள். பெயர் மட்டும் பிறகு ஜெர்மனியின் துரிஞ்சியா மாநிலத்திலிருந்து வந்தது. இந்தக் கிருமி ஒரு புரதத்தைச் செய்கிறது. புழுவின் குடல் காரத்தன்மை உடையது. அங்கே புரதம் கரைந்து, குடல் சுவரில் தனக்கென்று உள்ள பிடிமானத்தில் ஒட்டி, சுவரை ஓட்டையாக்குகிறது. நம் வயிறு அமிலம். அந்தப் புரதம் அங்கே மற்ற புரதங்களைப் போல உடைந்துபோகிறது. ஒட்டிக்கொள்ளப் பிடிமானமும் நம் குடலில் இல்லை. இயற்கை விவசாயம் செய்கிறவர்களும் இதே பாக்டீரியாவைத் தெளிப்பு மருந்தாகப் பல்லாண்டு பயன்படுத்தியிருக்கிறார்கள். ஒரு வித்தியாசம் உண்டு: தெளித்தது வெயிலிலும் மழையிலும் போய்விடும், செடிக்குள் வைத்தது அறுவடை வரை இருக்கும்.

இந்தியாவில் பி.டி. பயிர்த் தீவனத்தை மாட்டுக்கும் எருமைக்கும் ஆட்டுக்கும் கோழிக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். மீனுக்குக் கொடுத்துப் பார்த்தது வெர்சோவாவில் உள்ள மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம். கேடு எதுவும் தென்படவில்லை என்பதே அறிக்கைகளின் சாரம். அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகங்கள் 2016-இல் அதுவரை வந்த நூற்றுக்கணக்கான ஆய்வுகளைத் திரட்டிப் படித்து, மற்ற உணவைவிட இந்த உணவால் கூடுதல் ஆபத்து என்பதற்குச் சான்று இல்லை என்றன. எலிகளுக்குப் புற்றுநோய் வந்ததாக 2012-இல் பிரான்சிலிருந்து வந்த ஆய்வின் படங்கள் இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. அதை வெளியிட்ட இதழே மறு ஆண்டு அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது என்ற செய்தி மட்டும் அவ்வளவு சுற்றுவதில்லை.

அதற்காகச் சந்தேகப்பட்டவர்கள் எல்லோரும் மூடர்கள் அல்ல. பி.டி. கத்தரிக்காய் சோதனை விவரங்களைத் திரட்டியதும் செலவு செய்ததும் விதையை விற்கப்போகும் நிறுவனமே. நீண்ட சட்டப் போராட்டத்துக்குப் பிறகே அவை பொதுமக்கள் பார்வைக்கு வந்தன. மறைத்து வைத்த காகிதத்தை எவ்வளவு நல்ல காகிதம் என்று சொன்னாலும் யார் நம்புவார்கள்? என் கணிப்பில், சாப்பாட்டுத் தட்டைப் பற்றிய பயத்துக்கு இன்றைய ஆதாரம் மிகவும் குறைவு. ஆனால் இந்த விவாதத்தின் முக்கால் பங்கு ஆற்றலை அந்தத் தட்டே தின்றுவிட்டது. வயலில் நடந்ததைப் பார்க்க ஆள் இல்லாமல் போனது.

ஒரே மரபணு, இரண்டு தேசம்

இந்தியாவின் மஹிகோவும் அமெரிக்காவின் மான்சான்டோவும் சேர்ந்து நடத்திய, மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட மஹிகோ மான்சான்டோ பயோடெக் மூலம் பி.டி. பருத்தி 2002 மார்ச்சில் முறையான அனுமதி பெற்றது. 'முறையான' என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. முந்தின ஆண்டே குஜராத்தில் நவ்பாரத் 151 என்ற பெயரில் அனுமதியில்லாத பி.டி. விதை வயல் வயலாகப் பரவியிருந்தது பிடிபட்டது. மற்ற பருத்தியெல்லாம் காய்ப்புழுவில் அழிந்தபோது அது மட்டும் பச்சையாக நின்றதைப் பார்த்த விவசாயி, டெல்லி அனுமதிக்குக் காத்திருக்கவில்லை.

முதல் சில ஆண்டுகள் நன்றாகவே போயின. ஹெக்டேருக்குச் சுமார் 300 கிலோவாக இருந்த பஞ்சு விளைச்சல் 2007-08-இல் 550 கிலோவைத் தொட்டது. 2013-14-இல் நாடு 398 லட்சம் பேல் (பொதி) பஞ்சு எடுத்தது. இன்று விளைச்சல் மறுபடி 450 கிலோவை ஒட்டித் தள்ளாடுகிறது.

ஏற்றத்துக்குக் காரணம் பி.டி.யா என்பதில் இன்றும் அடிதடி. மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு விவசாயிகளிடம் 2002 முதல் 2008 வரை விவரம் சேகரித்த ஆய்வாளர்கள் காத்தகே, கைம் இருவரும், பி.டி.யால் ஏக்கர் விளைச்சல் 24 சதவீதமும் லாபம் 50 சதவீதமும் கூடியது என்று 2012-இல் எழுதினார்கள். நாக்பூர் மத்திய பருத்தி ஆராய்ச்சி நிறுவனத்தின் முன்னாள் இயக்குநர் கேசவ் கிராந்தியும் மானுடவியலாளர் கிளென் ஸ்டோனும் 2020-இல் எழுதியது வேறு. பெரிய ஏற்றம் உரத்தாலும் பாசனத்தாலும் புதிய பூச்சிமருந்தாலும் வந்தது. 2018-இல் விவசாயி பூச்சிமருந்துக்குச் செலவிட்டது பி.டி. வருவதற்கு முன் செலவிட்டதைவிட 37 சதவீதம் அதிகம் என்றார்கள். இரண்டும் முரண்படுவதாகத் தோன்றும். ஆண்டுகளைக் கவனித்தால் அவ்வளவு முரண் இல்லை. முதல் ஆய்வு 2008-இல் கதவைச் சாத்திக்கொள்கிறது. அதற்குப் பிறகுதான் வில்லன் வருகிறான்.

மராட்டிச் செய்தி பார்ப்பவர்களுக்கு 'குலாபி போண்ட் அளி' என்ற பெயர் காதில் விழுந்திருக்கும். இளஞ்சிவப்புக் காய்ப்புழு. இந்தியாவில் கிடைத்ததைக் கொண்டு 1843-இல் அறிவியல் பெயர் சூட்டிய பூச்சி. நமக்குப் பழைய உறவு. காய்க்குள் நுழைந்து கொட்டையைத் தின்னும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, மருந்தடித்தாலும் எட்டாது. பி.டி. புரதம் இதைக் கொன்றது. 2010-இல் குஜராத்தின் அம்ரேலி, பாவ்நகர், ஜுனாகட், ராஜ்கோட் மாவட்டங்களில் முதல் தலைமுறை பி.டி.யைத் தின்றும் புழு சாகவில்லை என்று மான்சான்டோவே ஒப்புக்கொண்டது. இரண்டு மரபணு வைத்த போல்கார்டு-2 வந்திருக்கிறது, கவலை வேண்டாம் என்றார்கள். 2014, 2015 வாக்கில் குஜராத்தில் அதையும் தின்னப் பழகிவிட்டது. 2017-இல் மகாராஷ்டிரத்தின் பருத்திப் பகுதிகளான விதர்பாவிலும் மராட்வாடாவிலும் பருத்தி காய் காயாக அழுகியது. அதே ஆண்டு விதர்பாவின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகளும் கூலியாட்களும் இருபதுக்கு மேற்பட்டோர் நச்சேறி இறந்தார்கள். மருந்தடியைக் குறைக்க வந்த விதை எங்கே போய் நின்றது பாருங்கள்.

அமெரிக்காவுக்குள் இதே புழு 1917-இல் டெக்சாஸ் வழியாக நுழைந்தது. அங்கேயும் இதே நிறுவனத்தின் இதே மரபணுவை விதைத்தார்கள். 2018 அக்டோபரில், இந்தப் புழு எங்கள் பருத்தியில் அடியோடு ஒழிந்தது என்று அமெரிக்க வேளாண் துறை அறிவித்தது.

ஒரே மரபணு அங்கே புழுவை ஒழித்தது, இங்கே புழுவிடம் தோற்றது. இந்த ஒரு உண்மையை வைத்துக்கொண்டு யோசித்தால் 'மரபணு மாற்றம் நல்லதா கெட்டதா' என்ற பட்டிமன்றத் தலைப்பே அரைகுறையாகத் தெரிகிறது.

வித்தியாசம் எங்கே? பி.டி. வயலோடு கொஞ்சம் சாதாரணப் பருத்தியும் விதைக்க வேண்டும். அதில் வளரும், பி.டி.யைத் தாங்க முடியாத ஏமாளிப் புழுக்கள், எதிர்ப்புத்திறன் பெற்ற ஒன்றிரண்டு புழுவோடு இணைசேர்ந்து அந்தத் திறனை நீர்த்துப்போகச் செய்யும். இந்தியாவில் 450 கிராம் பி.டி. விதைப் பாக்கெட்டோடு 120 கிராம் சாதா விதை இதற்காகவே சேர்த்துக் கொடுத்தார்கள். வயலின் ஐந்தில் ஒரு பங்கில், அல்லது ஓரத்தில் ஐந்து வரிசை விதைக்க வேண்டும் என்பது விதி. மூன்று ஏக்கர் வைத்திருப்பவர் அரை ஏக்கருக்கு மேல் புழுவுக்குப் படையல் வைப்பாரா? அந்தப் பொட்டலத்தைப் பலர் பிரிக்கவே இல்லை. விதைத்தாரா என்று பார்க்கவும் ஆள் இல்லை. அரிசோனாவில் விவசாயிகளே பணம் போட்டு, மலடாக்கிய அந்துப்பூச்சிகளை விமானத்திலிருந்து கோடிக்கணக்கில் தூவ வைத்தார்கள். சாதா விதையின் வேலையை அந்தப் பூச்சிகள் செய்தன.

இன்னொன்று நம் விதையின் வகை. உலகில் பெரும்பாலான இடங்களில் பி.டி. பருத்தி நேர் ரகமாக வருகிறது. விதையை எடுத்து வைத்து மறுபடி விதைக்கலாம். இங்கே ஏறக்குறைய முழுவதும் வீரிய ஒட்டு ரகம். இந்த ஒட்டு ரகப் பருத்தியை வணிகத்துக்குக் கொண்டுவந்த முதல் நாடு நாம், 1970-இல் சூரத்திலிருந்து. அந்தப் பெருமை உண்டு. ஆனால் ஒட்டு ரகத்தின் விதை மறு ஆண்டு உதவாது, வருடா வருடம் கடைக்குப் போக வேண்டும். விதை நிறுவனத்துக்கு இதைவிட நல்ல பூட்டு வேறெது? தொடக்கத்தில் ரூ.1,600-க்கு மேல் விற்ற பாக்கெட், ஆந்திர அரசு 2006-இல் ஏகபோக வணிகத் தடை ஆணையம் வரை போய்ச் சண்டை போட்ட பிறகே ரூ.750-க்கு இறங்கியது. விதை விலை உயர்ந்ததால் செடியை இடைவெளி விட்டு நட்டார்கள். இடைவெளி விட்ட செடி புதராக வளர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் வயலில் நின்றது. இளஞ்சிவப்புப் புழு பருவக் கடைசியில் வரும் பூச்சி. தை, மாசி வரை காய் தொங்கினால் அதற்குக் கொண்டாட்டம்தானே. குறுகிய கால ரகத்தை நெருக்கி நட்டுச் சீக்கிரம் எடுத்துவிட வேண்டும் என்று கிராந்தி போன்றவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்கிறார்கள்.

அரசு நிறுவனமே நேர் ரகத்தில் பி.டி. செய்து மலிவாகக் கொடுத்திருந்தால் கதை மாறியிருக்குமே என்று கேட்கலாம். கொடுத்தார்கள். பிகானேரி நர்மா பி.டி. 2009-இல் வயலுக்கு வந்தது. அதில் இருந்தது மான்சான்டோவின் மரபணுவே என்று தெரிந்ததும் சத்தமில்லாமல் திரும்பப் போனது. இந்திய வேளாண் ஆராய்ச்சி வரலாற்றில் இதைவிடச் சங்கடமான அத்தியாயம் எனக்கு நினைவில்லை. பொதுத்துறை விதை என்ற மாற்று அதோடு படுத்துவிட்டது.

பருத்தி விவசாயிகளின் தற்கொலைக்கு பி.டி. தான் காரணம் என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை. விதர்பாவின் கடனும் மானாவாரி நிலமும் அதற்கு முந்தியவை. ஆனால் மானாவாரி நிலத்தில், விலை கூடிய ஒரே விதையை நம்பிப் பணம் போட வைத்தது சூதாட்டத்தின் பந்தயத் தொகையைக் கூட்டியது.

தடையும் திருட்டும்

பி.டி. கத்தரிக்காய்க்கு மத்திய அரசின் தொழில்நுட்பக் குழு 2009 அக்டோபர் 14 அன்று பச்சைக்கொடி காட்டியது. அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்டார். மகாராஷ்டிரத்துக்கு நாக்பூர் கிடைத்தது, மும்பைக்கு அந்த வாய்ப்பு இல்லை. 2010 பிப்ரவரி 9-இல் காலவரையின்றி நிறுத்தி வைத்தார். இந்தத் திட்டத்தில் கோவை வேளாண் பல்கலைக்கழகம் ஒரு பங்காளி. கோ-2, மதுரை-1, கிள்ளிகுளம்-1, பாலூர்-1 என்று நாம் குழம்பில் போட்ட ரகங்களிலேயே மரபணுவை ஏற்றியிருந்தார்கள். உள்ளூர் ரகங்களை எடுக்க முறைப்படி அனுமதி வாங்கினார்களா என்ற வழக்கு, சென்னை தரமணியில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையம் வரை போனது.

நாம் நிறுத்திய அந்தத் தொழில்நுட்பத்தை வங்கதேசம் 2013-இல் அனுமதித்தது. மறு ஆண்டு 20 விவசாயிகளோடு தொடங்கியது. 2019-இல் ஹரியானாவின் ஃபதேஹாபாத்தில் ஒரு வயலில் பி.டி. கத்தரிக்காய் பிடிபட்டது. அதே ஆண்டு ஜூனில் மகாராஷ்டிரத்தின் அகோலாவில் ஷேத்கரி சங்கட்டனா என்ற விவசாயிகள் சங்கத்தினர் ஊரைக் கூட்டி, களைக்கொல்லி தாங்கும் அனுமதியற்ற பருத்தி விதையை வெளிப்படையாக விதைத்தார்கள். களையெடுக்கக் கூலியாள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கட்டுப்படியாகவில்லை என்பது அவர்கள் தரப்பு. அந்தக் கூலியாட்கள் பெரும்பாலும் பெண்கள், அவர்களுக்கு அந்த வேலையே வருமானம் என்பது மறுதரப்பு. உச்ச நீதிமன்றம் அமைத்த வல்லுநர் குழு, இந்தியச் சூழலுக்குக் களைக்கொல்லி தாங்கும் பயிர் பொருந்தாது என்றே சொல்லியிருந்தது.

அனுமதி இல்லாத விதைக்கு ரசீது கிடையாது, முளைக்காவிட்டால் நஷ்டஈடு கிடையாது, பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்று சோதிக்க யாரும் கிடையாது. தடை போட்டுவிட்டால் பாதுகாப்பு வந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் ஜூன் மாதம் விதர்பாவின் விதைச் சந்தையை ஒருமுறை எட்டிப் பார்க்கலாம்.

டெல்லிப் பல்கலைக்கழகத்தில் தீபக் பென்டல் குழு உருவாக்கிய கடுகு டி.எம்.எச்-11. எண்ணெய் இறக்குமதியைக் குறைக்கும் என்பது அதற்கான வாதம். களைக்கொல்லியைத் தாங்கும் மரபணுவும் உள்ளே இருக்கிறது என்பது எதிர்வாதம். 2022 அக்டோபரில் வயலில் விட அனுமதி கிடைத்தது. 2024 ஜூலை 23-இல் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள், நாகரத்னாவும் சஞ்சய் கரோலும், அந்த அனுமதி செல்லுமா என்பதில் வேறுபட்டார்கள். மரபணு மாற்றப் பயிர்களுக்குத் தேசியக் கொள்கை ஒன்று வேண்டும் என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள். முதல் விதை வயலுக்கு வந்து 22 ஆண்டு கழித்து!

இதற்கிடையில் பேச்சே வேறு பக்கம் திரும்பிவிட்டது. வெளியிலிருந்து மரபணு எதையும் செருகாமல், செடியின் சொந்த மரபணுவிலேயே ஓரிரு எழுத்தைத் திருத்தும் முறைக்கு 2022 மார்ச்சில் அரசு பழைய விதிகளின் கடுமையான பகுதிகளிலிருந்து விலக்கு அளித்தது. 2025 மே மாதம் அப்படித் திருத்திய இரண்டு நெல் ரகங்களை மத்திய வேளாண் அமைச்சர் டெல்லியில் அறிவித்தார். ஒன்று எம்.டி.யு. 1010 என்ற நெல் ரகத்திலிருந்து வந்தது. மற்றொன்று சாம்பா மசூரியிலிருந்து வந்த கமலா. சாம்பா மசூரி என்றால் யாரோ என்று நினைக்க வேண்டாம். ஆந்திரா பொன்னி என்ற பெயரில் நாம் வாங்கித் தின்னும் அரிசிதான்.

ஆய்வுக்கூடங்கள் இன்று மரபணு மாற்றத்தைக் கண்டுபிடிப்பது வெளியிலிருந்து செருகிய துண்டுகளைத் தேடித்தான். பருத்திக்கொட்டை எண்ணெய் அகப்பட்டதும் அப்படியே. செருகிய துண்டே இல்லாத அரிசியில் அந்தச் சோதனை எதையும் காட்டாது. விதை எந்தப் பண்ணையில் பெருகியது, எந்த மில்லில் அரைபட்டது என்று ஆரம்பத்திலிருந்தே எழுதி வைத்தால்தான் பின்னால் யாராவது கேட்கும்போது பதில் இருக்கும். பி.டி. பருத்தியில் அந்தப் பதிவேட்டை நாம் எழுதவில்லை. கமலாவின் விதை பெருகி மூட்டையாகக் கடைக்கு வர இன்னும் சில ஆண்டுகள் பிடிக்கும். பதிவேட்டைத் தொடங்க அதுவரை அவகாசம் இருக்கிறது.